டி பான்னேயிலிருந்து ஸ்கேகன் வரை: வட கடலோரமாக நான்கு நாடுகளில் சைக்கிள் பயணம் – முழுமையான வழிகாட்டி

பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி டி பான்னே என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே சைக்கிள் ஏறி, நெதர்லாந்து, ஜெர்மனி வழியாக டென்மார்க்கின் வடமுனையான ஸ்கேகன் வரை கடலோரமாகவே போகலாம். வட கடலைச் சுற்றி வரும் யூரோவெலோ 12 என்ற ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நெடுவழியின் ஒரு பகுதி இது. நாம் ஓட்டப்போவது 2,100 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

இந்தப் பாதையை முழுதாக ஒருமுறை ஓட்டினேன். அப்புறம் துண்டு துண்டாகப் பலமுறை, புதியவர்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். மேடு இல்லாத பூமி என்பதால் எல்லோரும் வரைபடத்தை விரித்து மொத்தத் தூரத்தை நாள் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. இந்தக் கடலோரத்தில் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், அடுத்து படகு நேரம், அதற்குப் பிறகுதான் கிலோமீட்டர். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

1. திசையைத் தீர்மானியுங்கள்

தெற்கிலிருந்து வடக்கு. வட கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் காற்று வீசுகிறது. டி பான்னேயில் தொடங்கினால் பெரும்பாலான நாட்களில் அது முதுகிலோ இடது தோளிலோ படும். ஸ்கேகனில் தொடங்கினால் அதே காற்று வாரக்கணக்கில் முகத்தில் அறையும்.

"விமானச் சீட்டு கோபன்ஹேகனுக்கு மலிவாகக் கிடைத்தது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்" என்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சீட்டில் மிச்சமான பணம் கூடுதல் இரவுகளின் தங்கும் செலவில் போய்விடும். வருவதற்கு ஒரு நகரம், திரும்புவதற்கு வேறொரு நகரம் என்று சீட்டு எடுங்கள்.

இந்தத் திசையில் இன்னொரு வசதியும் உண்டு. டி பான்னே முதல் ஸ்கேகன் வரை கடல் உங்கள் இடது கைப்பக்கமே இருக்கும். விரிகுடாக்களைச் சுற்றும் இடங்கள் தவிர, கடல் வலப்பக்கம் தெரிந்தால் வழி தவறிவிட்டது என்று பொருள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே கடைசி வாரம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். என் தேர்வு ஜூன் மாதத் தொடக்கம். ஜூன் இறுதியில் ஸ்கேகனில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது. பகல் நீளமாக இருந்தால் மதியம் காற்று ஓங்கும் நேரத்தில் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டு, மாலையில் மீதித் தூரத்தை முடிக்கலாம்.

ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் மூன்று தொல்லைகள். கிழக்கு, வடகிழக்குக் காற்று அடிக்கடி திரும்பி வீசும். சிறு படகுகள் சில இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. பறவைகள் முட்டையிடும் காலம் என்பதால் கடல் பக்கத்துப் பாதைகள் சிலவற்றை அடைத்து வைத்திருப்பார்கள். அடைப்பைத் தாண்டி ஓட்டாதீர்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் அவை. ஒரு சைக்கிள் கடந்தாலே தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஓட்டத் தடையில்லை, தங்குமிடம்தான் கிடைக்காது.

3. படகுகளைப் பட்டியலிடுங்கள்

பெரிய ஆறுகள் கடலில் கலக்கும் கரை இது. ஒவ்வொரு முகத்துவாரத்திலும் பாதை அறுந்து, படகில் ஏறி அக்கரையில் தொடர்கிறது. வீட்டிலேயே ஒரு தாளில் கீழ்க்கண்ட துறைகளை எழுதி, பயண மாதத்துக்கான முதல் படகு, கடைசிப் படகு நேரங்களை எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

ப்ரெஸ்கென்ஸ் – ஃப்லிஸிங்கன்: ஸ்கெல்ட் முகத்துவாரம். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான படகு. 2003இல் கார்களுக்குக் கடலடிச் சுரங்கம் திறந்தார்கள். அதற்குள் சைக்கிளில் போக முடியாது.

ரோஸன்பர்க் – மாஸ்லௌஸ்: ராட்டர்டாம் துறைமுகத்தின் நீர்வழியைக் கடக்க. அடிக்கடி ஓடும், கவலையில்லை.

ஃபெல்சன்: ஐமௌடன் அருகே வட கடல் கால்வாயைக் கடக்க. கட்டணமில்லை.

டிட்ஸும் – பெட்கும்: எம்ஸ் ஆறு, ஜெர்மனிக்குள் நுழைந்ததும் வருவது. மிகச் சிறிய படகு, பருவத்துக்கு ஏற்ற நேர அட்டவணை. இதைத் தவறவிட்டால் ஆற்றோரமாக லேர் நகரப் பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். பாதி நாள் போய்விடும்.

ப்ளெக்ஸன் – ப்ரேமர்ஹாஃபன்: வேஸர் ஆறு. அடிக்கடி உண்டு.

விஷ்ஹாஃபன் – க்ளுக்ஸ்டாட்: எல்ப ஆறு. கார்களுக்கு நீண்ட வரிசை நிற்கும். சைக்கிள்காரர்கள் வரிசையைத் தாண்டி முன்னால் போய் நிற்கலாம், ஊழியரே கைகாட்டி அழைப்பார்.

ப்ரூன்ஸ்பூட்டல்: கீல் கால்வாய். கட்டணமில்லை.

தூபொரோன் – ஆகர்: டென்மார்க்கில் லிம்ஃபியோர்டின் வாயைக் கடக்க. பத்து நிமிடப் பயணம்தான். மாலையில் சேவை நின்ற பிறகு போனால் தூபொரோனில்தான் இரவு.

ஒரு சிறு துறையில் நாங்கள் மாலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் பார்த்து வைத்திருந்தது ஜூலை அட்டவணை. அன்று தேதி ஜூன் மூன்று. கடைசிப் படகு ஐந்து மணிக்கே போயிருந்தது. தங்குமிடம் அக்கரையில், நாங்கள் இக்கரையில். அன்றிலிருந்து தேதியையும் கிழமையையும் பார்த்த பிறகே நேரத்தைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறாக இருக்கும்.

சிறு படகுகளில் சில்லறை நோட்டாகப் பணம் வைத்திருங்கள். கார்டு எல்லா இடத்திலும் எடுக்கமாட்டார்கள்.

4. இப்போது நாட்களைக் கணக்கிடுங்கள்

தோராயக் கணக்கு: பெல்ஜியம் 70 கிமீ, நெதர்லாந்து 610, ஜெர்மனி 900, டென்மார்க் 560.

சுமையோடு, புதியவர், நாளுக்கு 65 கிமீ என்று வையுங்கள். ஓட்டும் நாட்கள் மட்டும் 33. ஓய்வுக்கு ஐந்து நாள், காற்றும் மழையும் எடுத்துக்கொள்ள மூன்று நாள். மொத்தம் ஏறத்தாழ 41 நாட்கள்.

"ஊரில் ஒரே நாளில் 120 ஓட்டுவேனே" என்பார்கள். சுமையில்லாமல், ஒருநாள் மட்டும், மறுநாள் வீட்டில் படுத்துக்கொண்டு ஓட்டியது அது. இங்கே பலத்த எதிர்க்காற்றில் மணிக்கு 12 கிமீ வந்தாலே நல்ல வேகம். முதல் வாரம் 50 கிமீயைத் தாண்டாதீர்கள். முழங்காலும் உட்காரும் இடமும் பழக அந்த ஒரு வாரம் வேண்டும். முதல் நான்கு நாளில் அவசரப்பட்டவர்கள்தான் பத்தாம் நாள் முழங்காலில் களிம்பு தடவிக்கொண்டு ரயிலில் வருகிறார்கள்.

இரண்டு வாரம்தான் விடுப்பு என்றால் டி பான்னேயிலிருந்து டென் ஹெல்டர் வரை ஓட்டுங்கள். 400 கிமீக்குச் சற்று முன்னே பின்னே வரும். டென் ஹெல்டரில் ரயில் நிலையம் உண்டு, நேராக ஆம்ஸ்டர்டாம் போகலாம். முழுப் பாதையில் பாதியை அவசரமாக ஓட்டுவதைவிட, இந்தத் துண்டை நிதானமாக ஓட்டுவது மேல்.

5. விசாவும் காப்பீடும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பாதையில் அது ஜெர்மனி. பெல்ஜியத்தில் இறங்குகிறோம் என்பதற்காக பெல்ஜியத்திடம் போவது வழக்கமான தவறு. முதலில் நுழையும் நாடு என்ற கணக்கு, தங்கும் நாட்கள் சமமாக இருந்தால்தான் வரும். நான்காம் படியில் போட்ட நாள் கணக்கை நாடுவாரியாக எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

41 நாள் பயணத்துக்கு 41 நாள் கேட்காதீர்கள். ஒரு வாரம் கூடுதலாகக் கேளுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். விசாவில் செல்லுபடித் தேதி வேறு, தங்கும் நாட்களின் எண்ணிக்கை வேறு. இரண்டையும் சரிபாருங்கள்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு, பல நாள் சைக்கிள் பயணத்தில் நேரும் விபத்துக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

6. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால் போதும்.

டயர்: 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலம், பஞ்சர் தடுக்கும் பட்டை உள்ளது. தார்ப்பாதை நிறைய உண்டுதான். ஆனால் நெதர்லாந்தில் செங்கல் பாவிய தெருக்களும் நொறுக்கிய சிப்பி பரப்பிய பாதைகளும் வரும். டென்மார்க்கில் சரளையும், சில இடங்களில் பொதபொதவென்ற மணலும் வரும். 28 மிமீ டயரில் வந்த நண்பர் ஒருவர் டென்மார்க்கில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டே நடந்தார்.

கியர்: சமவெளிதானே என்று குறைந்த கியர் இல்லாமல் வராதீர்கள். இங்கே காற்றுதான் மலை. மணல்குன்றுகளுக்குள் குட்டையான, செங்குத்தான ஏற்றங்களும் உண்டு.

மட்கார்டு: முன்னும் பின்னும், முழு நீளம். மழைக்கு மட்டுமில்லை. ஜெர்மானியக் கடற்கரை முழுக்க செம்மறியாடுகள் மேய்கின்றன, பாதையெல்லாம் அவற்றின் புழுக்கை. மட்கார்டு இல்லையென்றால் அது தண்ணீர் பாட்டிலின் வாய்க்குத்தான் வரும்.

விளக்கும் மணியும் கட்டாயம். பூட்டு இரண்டு.

சைக்கிளில் உட்காரும் சீட்டை இந்தப் பயணத்துக்கென்று புதிதாக வாங்கி மாட்டாதீர்கள். குறைந்தது 500 கிமீ ஓட்டிப் பழகிய சீட்டோடு வாருங்கள்.

7. மூட்டையைக் குறையுங்கள்

கேரியரின் இருபக்கமும் தொங்கும் பக்கப்பைகள் இரண்டு, ஹேண்டில்பாரில் ஒரு பை. கூடாரம் எடுத்தால் அது கேரியரின் மேல். மொத்தம் 15 கிலோவுக்குள். எடை ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம். உப்பிய பை பக்கக்காற்றில் பாய்மரம்போல விரிந்து சைக்கிளைச் சாய்க்கும்.

முதுகுப்பை வேண்டாம். அது முழு எடையையும் இடுப்பின் வழியாகச் சீட்டில் இறக்கும்.

துணி: காற்று புகாத மேல்சட்டை, மழைச்சட்டை, மெல்லிய கம்பளிச்சட்டை, கையுறை. ஜூனிலும் இரவு பத்து டிகிரிக்கு இறங்குவதுண்டு. பஞ்சுத் துணியைத் தவிருங்கள். வியர்வையில் நனைந்தால் காயாது, காற்றில் உடல் நடுங்கும்.

கருவி: இரண்டு ட்யூப், ஒட்டுப்பட்டை, பம்ப், அறுகோணச் சாவிகள், செயின் உடைக்கும் கருவி, செயின் இணைப்புக் கண்ணி, ஸ்போக் நான்கு, பிரேக் கட்டை ஒரு ஜோடி. பெரிய ரிப்பேருக்கு நெதர்லாந்தில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் சைக்கிள் கடை இருக்கிறது. டென்மார்க்கின் மேற்குக் கரையில் கடைக்கும் கடைக்கும் இடையே ஒருநாள் ஓட்டம்கூட வரலாம். எஸ்ப்யர்க் நகரைத் தாண்டும் முன் பிரேக்கையும் டயரையும் பார்த்துவிடுங்கள்.

8. சைக்கிளைக் கொண்டு சேர்ப்பது

சைக்கிள் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். கழற்றும் வரிசை முக்கியம். முதலில் பெடல், அடுத்து சீட், ஹேண்டில்பார், முன் சக்கரம், கடைசியாகப் பின் கியர் மாற்றி. பெடலை முதலில் கழற்றச் சொல்வதற்குக் காரணம், சைக்கிள் இரண்டு சக்கரத்தில் நிற்கும்போதுதான் அழுத்தம் கொடுக்க முடியும்.

இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும். குழப்பம் வந்தால் இப்படி நினைவில் வையுங்கள்: சாவியை மேல்நோக்கி நிறுத்தி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். சீட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். அரை அங்குலம் மாறினாலும் மூன்றாம் நாள் முழங்கால் சொல்லிவிடும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டைக்கு நடுவே ஒரு கட்டையைச் செருகுங்கள், இல்லையென்றால் பெட்டி நசுங்கும்போது கவட்டையும் நசுங்கும். பவர் பேங்க் கைப்பையில். சமையல் கேஸ் குப்பி விமானத்தில் கூடாது, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

பிரஸ்ஸல்ஸில் இறங்கி ரயிலில் டி பான்னே வரை போகலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட். பயணத்தின் நடுவில் நெதர்லாந்தில் ரயில் ஏற நேர்ந்தால், வேலை நாட்களில் காலை 6:30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6:30 வரையும் சைக்கிளை ஏற்ற முடியாது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இந்தத் தடை இல்லை.

9. வழி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. இதை அங்கே க்னோப்பண்ட் என்கிறார்கள். 24ஆம் சந்தியிலிருந்து 37, அங்கிருந்து 52 என்று எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். அன்றைக்கு வேண்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் மழையில் திரை வேலை செய்யாவிட்டாலும் அந்தச் சீட்டு வழிகாட்டும். ஒரே எண் வேறு வட்டாரத்தில் திரும்பவும் வரும், அதனால் எண்ணோடு ஊர்ப்பெயரையும் எழுதுங்கள்.

நெதர்லாந்தில் எல்எஃப் கடலோரப் பாதை என்ற பலகையும் கூடவே வரும். ஜெர்மனியில் இந்தக் கரை முழுவதற்கும் எண் முறையை நம்ப முடியாது, ஊர்ப்பெயரும் தூரமும் எழுதிய பலகைகளைப் பார்த்தே போக வேண்டும். அதனால் எல்லை தாண்டிய முதல் நாள் எல்லோருமே ஒருமுறை வழி தவறுகிறோம். முந்தைய இரவே அடுத்த ஐந்தாறு ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதி வையுங்கள். டென்மார்க்கில் தேசியப் பாதை எண் 1, மேற்குக் கரைப் பாதை. அந்த 1 என்ற எண்ணை விடாமல் பிடித்தால் ஸ்கேகன் வந்துவிடும்.

ஜெர்மனியில் 'உம்லைட்டுங்' என்ற பலகை தெரிந்தால் மாற்றுவழி என்று பொருள். கரையைப் பலப்படுத்தும் வேலை எங்காவது நடந்துகொண்டே இருக்கும். பலகையை மதித்துத் திரும்புங்கள். ஐந்து கிமீ போய் முள்வேலியைப் பார்த்துத் திரும்புவதைவிட அது குறைந்த தூரம்.

இன்னொன்று, நெதர்லாந்தின் ஆஃப்ஸ்லௌட்டைக். 1932இல் முடிந்த 32 கிமீ நீளக் கடலணை. அதன் மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. ஆனால் புதுப்பிப்பு வேலைக்காக ஆண்டுக்கணக்கில் மூடி, சைக்கிள்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கடத்தினார்கள். நீங்கள் போகும் வாரத்தில் நிலைமை என்ன என்று முன்கூட்டியே பாருங்கள்.

10. சாலை விதிகள்

நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். காலையில் புறப்படும்போதும், கடையிலிருந்து வெளியே வரும்போதும்தான் தவறான பக்கம் ஏறுவோம். வாகனங்களுக்கு நடுவே தவறு வராது, வெறிச்சோடிய சாலையில்தான் வரும். முதல் வாரம் 'வலது' என்று ஹேண்டில்பாரில் எழுதி ஒட்டுங்கள்.

நெதர்லாந்தில் சாலையில் வெள்ளை முக்கோண வரிசை வரைந்திருக்கும், சுறாப்பல் என்பார்கள். கூர்முனை உங்களைப் பார்த்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். குறி எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முதலிடம். சைக்கிள் படம் போட்ட நீல வட்டப் பலகை இருந்தால் கார்ச்சாலையில் ஓட்டக்கூடாது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பதும் குற்றம்.

டென்மார்க்கில் சந்திப்பில் நேரடியாக இடப்பக்கம் வெட்டித் திரும்பக்கூடாது. நேரே கடந்து எதிர்முனையில் நின்று, பிறகு திரும்ப வேண்டும். நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்டுங்கள்.

பெல்ஜியத்தின் கடலோரம் முழுக்க டிராம் ஓடுகிறது. தண்டவாளத்தை நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கி விழுவது உறுதி, மழையில் இன்னும் மோசம். முதல் நாளே கையில் கட்டோடு திரும்பியவர்கள் உண்டு. கடலோர நடைமேடைகளில் கோடைக்காலப் பகலில் சைக்கிளை அனுமதிக்காத ஊர்கள் உண்டு, பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

11. காற்றோடு ஓட்டும் முறை

முந்தைய இரவே காற்றின் திசையும் வேகமும் பாருங்கள். மணிக்கு 30 கிமீக்கு மேல் எதிர்க்காற்று என்றால் அன்றைய தூரத்தைப் பாதியாக்குங்கள். வெயில் நாட்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஓங்கும். அதனால் ஏழு மணிக்குள் புறப்பட்டு, ஒரு மணிக்குள் மூன்றில் இரண்டு பங்கை முடிப்பது என் வழக்கம்.

ஜெர்மனி முழுக்க ஏரிக்கரை போன்ற உயரமான மண்கரை கூடவே வரும். புல் முளைத்த கடல்தடுப்பு அது. அதற்கு வெளிப்பக்கம், அதாவது கடல் பக்கம், ஒரு பாதை. உள்பக்கம் ஒரு பாதை. வெளிப்பக்கம் கடல் தெரியும், ஆனால் காற்று முழுதாக அடிக்கும். ஆடுகள் தாண்டாமலிருக்க நூறு நூறு மீட்டருக்குப் போட்டதுபோல் கேட்டுகள் வரும். ஒவ்வொன்றிலும் இறங்கி, திறந்து, தள்ளி, மூடி, ஏற வேண்டும். உள்பக்கம் கடல் தெரியாது, காற்று பாதியாகக் குறையும், கேட்டும் இல்லை.

புதியவர்கள் கடல் பார்க்க வந்தோம் என்று நாள் முழுக்க வெளிப்பக்கமே ஓட்டிக் களைத்துப்போகிறார்கள். காற்று சாதகமாக இருக்கும் நேரத்தில் வெளியே, எதிராக இருக்கும் நேரத்தில் உள்ளே. சாப்பிட உட்காரும்போது கரைமேல் ஏறிக் கடலைப் பார்த்துக்கொள்ளலாம். திறந்த கேட்டை மூடாமல் மட்டும் போகாதீர்கள், ஒரு மந்தையே வெளியேறிவிடும்.

நெதர்லாந்தின் ஊஸ்டர்ஸ்கெல்ட் புயல் தடுப்பணை 9 கிமீ நீளம். அதன்மேல் ஒதுங்க இடமே இல்லை. பக்கக்காற்று பலமாக இருந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி, கியரைக் குறைத்து, விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். காற்றாலையோ தூணோ கடக்கும் நொடியில் காற்று நின்று மறுபடி அடிக்கும். அப்போதுதான் சைக்கிள் தடுமாறும்.

இரண்டு பேர் போனால் ஒருவர் பின் ஒருவராக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் மாற வேண்டும். பலசாலிதான் எப்போதும் முன்னே என்று வைத்தால் நான்காம் நாள் பலசாலியும் களைத்திருப்பார்.

12. சாப்பாடு, தண்ணீர், பணம்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சுற்றுலா ஊர்களில் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, வயல்வெளிக் கிராமங்களில் கிடையாது. சனிக்கிழமை மாலையே இரண்டு நாள் சாப்பாட்டை வாங்குங்கள். மே, ஜூனில் வரும் கிறிஸ்தவ விடுமுறைகளான அசென்ஷன் வியாழனும் பெந்தெகொஸ்தே திங்களும் அப்படித்தான்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: பெல்ஜியத்தின் உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். நெதர்லாந்து நகரங்களில் சுரினாம் நாட்டு உணவுக் கடைகளில் ரொட்டியும் கிழங்குக் குழம்பும் கிடைக்கும். பத்து நாள் பிரெட்டும் சீஸும் தின்ற நாக்குக்கு அது பெரிய ஆறுதல். மற்றபடி ஓட்ஸ், வாழைப்பழம், நிலக்கடலை வெண்ணெய் எங்கும் உண்டு.

பசி எடுத்த பிறகு சாப்பிடாதீர்கள். மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போடுங்கள். குளிர்காற்றில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரையும் கடிகாரம் பார்த்துக் குடியுங்கள். 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதிய குழாய் குடிப்பதற்கு இல்லை.

டென்மார்க்கில் குரோனர், மற்ற மூன்றிலும் யூரோ. டென்மார்க்கில் கார்டு போதும். ஜெர்மானியக் கிராமங்களுக்கு ரொக்கம் வேண்டும்.

13. இரவு

நான்கு நாடுகளிலும் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. மணல்குன்றுகளில் நிச்சயமாகக் கூடாது.

நெதர்லாந்தில் முகாம்களில் சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் தனித் திடல் ஒதுக்கியிருப்பார்கள். வீடுகளில் தங்கவைக்கும் 'வ்ரீன்டன் ஒப் டெ ஃபீட்ஸ்' என்ற அமைப்பில் உறுப்பினரானால் மலிவாகப் படுக்கையும் காலை உணவும் கிடைக்கும். ஜெர்மனியில் 'பெட்+பைக்' பலகை இருந்தால் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் துணி காயவைக்க வசதியும் இருக்கும். கடலோர ஊர்களில் தங்குபவரிடம் சிறு வரி வாங்குவார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் மூன்று பக்கம் மூடிய மரக்குடில்கள் ஏராளம். இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ படுக்கலாம், பாயும் தூக்கப்பையும் நம்முடையது.

எல்லா இரவையும் முன்பதிவு செய்துவிட்டு வருபவர்களுக்குக் காற்று பாடம் எடுக்கும். ஒருநாள் தாமதமானால் மீதி அத்தனை பதிவும் சரியும். விசாவுக்காகப் பதிவு வேண்டுமென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் இடங்களாகப் பாருங்கள். ஓட்டும்போது முதல் நாள் மாலை மறுநாளுக்கு மட்டும் பதியுங்கள். வெள்ளி, சனி இரவுகளை மட்டும் மூன்று நாள் முன்பே.

14. மாலை அரைமணி நேரம்

மணலும் உப்பும் சேர்ந்தால் செயினை அரம்போல அராவும். தினமும் மாலை துணியால் செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய், பத்து நிமிடம் விட்டு வெளியே இருப்பதை மறுபடி துடையுங்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எண்ணெய் வழியும் செயினில் மணல் இன்னும் ஒட்டும்.

டென்மார்க்கில் கார்களே ஓடும் அளவு இறுகிய கடற்கரைகள் உண்டு. சைக்கிளிலும் ஓட்ட ஆசை வரும், ஓட்டுங்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்குங்கள், அன்று மாலையே நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை கேரியர் திருகுகளை இறுக்குங்கள். செங்கல் தெருக்களின் அதிர்வில் முதலில் கழல்வது அவைதான்.

கழுவி முடித்ததும் உங்கள் கால்களையும் பாருங்கள். மணல்குன்றுப் புதர்களில் உண்ணி இருக்கிறது. முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்பு. கடித்திருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். சில நாளிலோ சில வாரத்திலோ வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். அவசர உதவிக்கு நான்கு நாடுகளிலும் 112.

15. ஸ்கேகனும் திரும்புதலும்

ஸ்கேகனைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் க்ரேனன் மணல்முனை. ஸ்காகெராக், காட்டெகாட் என்ற இரு கடல்களின் அலைகள் அங்கே எதிரெதிராக மோதுகின்றன. கடைசிப் பகுதி வெறும் மணல். சைக்கிளை வாகன நிறுத்தத்தில் பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

ஸ்கேகனிலிருந்து ஃப்ரெடெரிக்ஸ்ஹாவ்ன் வழியாக ஆல்போர்க் வரை ரயில். அங்கிருந்து கோபன்ஹேகனுக்கு நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே தூபொரோன் படகைக் கடந்த அன்றே, இன்னும் ஏறத்தாழ எத்தனை நாள் என்று தெளிவாகத் தெரிந்துவிடும் அல்லவா, அப்போதே பதிந்துவிடுங்கள். விமானத்துக்கான அட்டைப்பெட்டிக்கும் கோபன்ஹேகன் கடை ஒன்றுக்கு அன்றே எழுதி, எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.